இரத்தம் எடுக்கப் போலீசுக்கு உரிமை உண்டா?

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவிக் கொண்டிருந்தபோது, பக்கத்தில் நம் இளைஞர்கள் நாலைந்து பேர் பேசிக் கொண்டிருந்தது காதில் விழுந்தது. ரிங் ரோட்டில் போலீசார் வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்கிறார்களாம். அதற்கு ஒருவர் மற்றவருக்குச் சொன்ன யோசனை இது: "ஊதச் சொன்னா ஊதாதே. இரத்தம் கேட்டா குடுக்கவே குடுக்காதே. நம்ம அனுமதி இல்லாம அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த யோசனை தவறு. அதைக் கேட்டு நடப்பவருக்குக் கெடுதலையே செய்யும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் வழக்கறிஞர் அல்லன். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். ஆனால் இதே கேள்வி ஒரு நாள் இரவு எங்கள் குடும்பத்தின் முன் வந்து நின்றது. அதன் பிறகுதான் சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். விவரம் தெரிந்த நண்பர்களிடமும் கேட்டுத் தெளிந்தேன்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை

2016-ஆம் ஆண்டு. என் சகலை ஈரோட்டுப் பக்கத்துக்காரர். மைசூருக்குப் பிழைப்புக்கு வந்து அப்போது ஆறேழு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை நோய் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் என்று பகல் முழுவதும் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மாலையில் ஸ்கூட்டரில் திரும்பும்போது, நின்றிருந்த சரக்கு ஆட்டோ ஒன்றின் மேல் மோதி விழுந்தார். நல்ல வேளை, யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் எழுந்து நின்றவருக்குக் கால் தள்ளாடியது. நாக்குக் குழறியது. கன்னடம் அரைகுறை, பதற்றத்தில் வந்ததெல்லாம் கொங்குத் தமிழ். கூடியிருந்தவர்கள் "குடிச்சிருக்கான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

போலீஸ் நிலையத்தில் ஊதும் கருவியை நீட்டியிருக்கிறார்கள். அவரால் மூச்சை நிறுத்தி முழுதாக ஊத முடியவில்லை. மூன்று முறை முயன்றும் கருவி எண் எதையும் காட்டவில்லை. அடுத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். என் மைத்துனி போனில் அழுதாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மகன், அப்போது கல்லூரி மாணவன், என்னைத் தனியே இழுத்துச் சொன்னான்: "பெரியப்பா, இரத்தம் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. நமக்கு எதிரா நாமளே சாட்சி சொல்ல வேண்டியதில்லைன்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு கணம் தயக்கம் வந்தது. சகலை விசேஷங்களில் எப்போதாவது ஒரு கிளாஸ் எடுப்பவர்தான். கிட்டே போய்க் கேட்டேன். "இல்லீங்கண்ணா, புரட்டாசிச் சனிக்கிழமைங்க" என்றார், வாய் குழற. அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அதைக் கவனித்த மருத்துவர் முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரையைப் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார். அரை மணியில் சகலைக்குப் பேச்சுத் தெளிந்தது. அதன் பிறகு சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே கேட்டார், மதுப் பரிசோதனைக்கு இரத்தம் தரச் சம்மதமா என்று. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எடுக்கட்டும்" என்றேன்.

நான் சொன்னது சரிதானா என்று அன்றிரவு எனக்கே தெரியாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

சட்டம் வகுத்திருக்கும் படிகள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுதான் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. சட்டம் வந்தபோது, இரத்தத்தில் மது எவ்வளவு சிறிதளவு இருந்தாலும் குற்றம் என்றே இருந்தது. 1994-இல் திருத்தி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று எல்லை வகுத்தார்கள். 30 மில்லி கிராம் என்பது ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை. அந்தத் திருத்தத்தில் ஊதும் கருவியின் சோதனை மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வுக்கூடச் சோதனை உள்ளிட்ட மற்றச் சோதனைகளையும் சேர்த்தது. தண்டனையும் கூடியது. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது பதினையாயிரம் ரூபாய், அல்லது இரண்டும். இது சாலையோரத்தில் பணம் கட்டி ரசீது வாங்கி முடிக்கும் குற்றமன்று. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

முதல் படி, மூச்சு. 203-வது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி, குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், ஓட்டுநரை ஊதச் சொல்லலாம். கருவி மதுவைக் காட்டினால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஊத மறுத்தாலும், ஊத முடியாமல் போனாலும், சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் கைது செய்யலாம். ஆகவே ஊத மறுத்தால் தப்பிக்கலாம் என்ற எண்ணம் முதல் படியிலேயே பொய்த்துப் போகிறது.

இரண்டாம் படி, இரத்தம். இது 204-வது பிரிவு. அப்படிக் கைதானவரைப் போலீஸ் நிலையத்தில் வைத்து, ஆய்வுக்கூடச் சோதனைக்கு இரத்தம் தருமாறு கேட்கலாம். கருவி மதுவைக் காட்டியிருக்க வேண்டும். அல்லது ஊத வாய்ப்புக் கொடுத்தும் அவர் ஊதாமல் இருந்திருக்க வேண்டும். இரத்தத்தை எடுப்பவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். சாலையோரத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஊசியை எடுத்துக் குத்த முடியாது. பெண்ணிடம் ஆண் மருத்துவர் எடுப்பதானால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பவர் என்றால், அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். சிகிச்சைக்குக் கெடுதல் என்று அவர் ஆட்சேபித்தால் எடுக்கக் கூடாது.

மூன்றாவது, நேரம். 202-வது பிரிவின்படி, 185-வது பிரிவுக் குற்றத்துக்காக வாரண்ட் இல்லாமல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவித்துவிட்டால் வழக்கே போய்விட்டது என்று பொருளல்ல.

நான்காவதுதான் நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது. 205-வது பிரிவு சொல்கிறது: மூச்சோ இரத்தமோ தர மறுத்தவர் அதற்குத் தக்க காரணம் காட்டாவிட்டால், அந்த மறுப்பையே போலீஸ் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சங்கதியாக நீதிமன்றம் எடுத்துக் கொள்ளலாம். என் சகலை அன்று மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தள்ளாட்டம், குழறல், மோதல், அதன் மேல் மறுப்பு. குடிக்காத மனிதர் குடித்தவராகியிருப்பார்.

அரசியல் சட்டம் தடுக்கவில்லையா?

அந்தக் கல்லூரி மாணவன் சொன்னது முழுத் தவறல்ல. அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் 'சாட்சி' என்றால் எது?

1961-இல் காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் இதற்கு விடை சொன்னார்கள். கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைக் கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்றார்கள். மனத்தில் இருப்பதை வாயால் சொல்ல வைப்பது வேறு. உடம்பில் இருப்பதைப் பார்ப்பது வேறு.

2010-இல் நம் கர்நாடகத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் இது மேலும் தெளிவாயிற்று. செல்வி எதிர் கர்நாடக அரசு என்பது அந்த வழக்கு. மயக்க மருந்து கொடுத்துப் பேச வைப்பது, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகியவற்றைச் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, இரத்தம் போன்ற உடற்பொருள்களின் மருத்துவப் பரிசோதனையை இந்தத் தடைக்குள் சேர்க்கவில்லை.

பலவந்தமாக எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் இந்தப் பிரிவுகள் பலவந்தம் பற்றிப் பேசவில்லை. மறுத்தால் என்ன விளைவு என்றுதான் பேசுகின்றன. ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-வது பிரிவு, கைதானவரைப் போலீஸ் வேண்டுகோளின்படி மருத்துவர் பரிசோதிக்கவும், அதற்குத் தேவையான நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தவும் இடம் கொடுத்தது. இரத்தப் பரிசோதனையும் அதில் அடங்கும் என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகச் சொன்னது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 51-வது பிரிவாக இருக்கிறது.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. அங்கே நிலைமை சற்று வேறு. 2016-இல் பெர்ச்ஃபீல்டு வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டப்படி கைதான ஓட்டுநரை வாரண்ட் இல்லாமல் ஊதச் சொல்லலாம், ஆனால் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதற்குப் பொதுவாக நீதிபதியின் வாரண்ட் வேண்டும் என்றது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

அளவும் முத்திரையும்

சிக்னல் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எங்காவது தண்டவாளத்தில் ஏதேனும் நடந்துவிட்டால், எல்லாப் பிரிவு சூப்பர்வைசர்களும் ஒன்றாக நின்று அளவெடுத்து, 'ஜாயின்ட் நோட்' எழுதி அங்கேயே கையெழுத்திடுவோம். அளவுக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்பதையும் பார்ப்போம். மறுநாள் வந்து "நேற்று இவ்வளவு இருந்தது" என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். இரத்தப் பரிசோதனையும் அதைப் போன்றதே.

ஊதும் கருவி இரத்தத்தை நேராகப் பார்ப்பதில்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் ஏறக்குறைய 2,100 மில்லி லிட்டர் மூச்சில் இருக்கும் மதுவும், ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் இருக்கும் மதுவும் சமம் என்ற கணக்கை வைத்து மதிப்பிடுகிறது. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். வாய் கொப்பளிக்கும் திரவத்திலும் சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு. அது வாயில் தங்கியிருக்கும் சில நிமிடங்கள் கருவி ஏமாறலாம். அதனால்தான் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி ஊதச் சொல்வது நல்ல முறை. இரத்தமோ ஆய்வுக்கூடத்தில் நேராக அளக்கப்படுகிறது.

ஆனால் இரத்தத்துக்கும் நேரம் உண்டு. உடம்பு மணிக்குச் சராசரி 15 மில்லி கிராம் அளவில், 100 மில்லி லிட்டர் இரத்தத்திலிருந்து மதுவைக் கழித்துவிடுகிறது. வண்டி ஓட்டும்போது 50 இருந்தவருக்கு இரண்டு மணி கழித்துப் பார்த்தால் 20 இருக்கலாம். எல்லைக்குக் கீழே வந்துவிடும். எடுக்கும் முறையும் முக்கியம். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. இரத்தம் கெடாமலும் உறையாமலும் இருக்கச் சோடியம் ஃபுளோரைடு, பொட்டாசியம் ஆக்சலேட் போன்றவை குப்பியில் இருக்க வேண்டும். பெயர், தேதி, நேரம் எழுதி, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் வழக்கு நிற்காது. 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பச்சுபாய் ஹசனல்லி காரியானி வழக்கைப் பாருங்கள். ஓட்டுநரிடம் மது வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி என்று மருத்துவர் சொன்னார். இரத்தத்தை ஆய்வுக்கும் அனுப்பினார்கள். ஆனால் அந்த ஆய்வறிக்கை நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. விபத்தின் அதிர்ச்சியிலும் ஒருவர் தள்ளாடலாம், வாடை மட்டுமே போதையாகாது என்று கூறி, அவர் குடிபோதையில் இருந்தார் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இதைப் படித்தபோது என் சகலையின் தள்ளாட்டம்தான் நினைவுக்கு வந்தது.

மறுபக்கமும் உண்டு. மும்பை பாந்திராவின் கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் ஒரு கார் நடைபாதையில் ஏறி, தூங்கிக் கொண்டிருந்த ஏழு கூலித் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஓட்டியவரின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 112 மில்லி கிராம் மது இருந்ததை ஆய்வு காட்டியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறையை உறுதி செய்தது. தூக்கத்திலேயே இறந்தவர்களால் சாட்சி சொல்ல முடியாது. மதுவின் அளவைச் சொன்னது அந்தக் குப்பி.

அந்தக் குப்பியையே மாற்றினால்? 2024 மே மாதம் புனேயில், பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் ஓட்டியதாகச் சொல்லப்படும் சொகுசுக் கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அந்தச் சிறுவனின் இரத்த மாதிரியை எடுத்துவிட்டு வேறொருவருடையதை வைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் மருத்துவர்களே கைதானார்கள். குற்றச்சாட்டு நிரூபணமாவது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் ஒரு குப்பி இரத்தத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நாடே அன்று தெரிந்துகொண்டது.

காப்பீட்டையும் மறக்க வேண்டாம்

பரிசோதனையே நடக்காவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழக்கு. 2007 டிசம்பரில் தில்லி இந்தியா கேட் அருகே விலையுயர்ந்த கார் ஒன்று மோதி நாசமானது. ஓட்டியவருக்கு மூச்சுச் சோதனையும் இல்லை, இரத்தச் சோதனையும் இல்லை. ஆனாலும் வாடையையும் விபத்து நடந்த விதத்தையும் வைத்து, மது போதையில் ஓட்டியதாகக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது செல்லும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனை வழக்குக்கு வேண்டிய அளவு நிரூபணம் காப்பீட்டு வழக்குக்குத் தேவையில்லை. குடித்தவருக்கு இது எச்சரிக்கை. குடிக்காதவருக்கோ இது வேறொன்றைச் சொல்கிறது: பரிசோதனை நடந்து அறிக்கை கையில் இருப்பதே பாதுகாப்பு.

நாம் செய்ய வேண்டியவை

நம்மில் யாருக்கேனும் இப்படி ஒரு இரவு வந்தால் என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒன்று, மறுக்க வேண்டாம். ஊதுங்கள்; முறைப்படி கேட்டால் இரத்தமும் கொடுங்கள்.

இரண்டு, சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, தொடர்ந்து சாப்பிடும் மருந்து எதுவானாலும் முதலில் சொல்லுங்கள். ஒரு சீட்டில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பணப்பையில் உரிமத்தோடு வையுங்கள். பேச முடியாத நேரத்தில் அந்தச் சீட்டு பேசும்.

மூன்று, ஊதிய நேரம், கருவி காட்டிய எண், இரத்தம் எடுத்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். குப்பியில் முத்திரை வைப்பதைக் கூட இருந்து பாருங்கள்.

நான்கு, கைதானவரின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் ஒரு நகல் அவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தரப்பட வேண்டும் என்பது சட்டம். பணிவாகக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து, புரியாத மொழியில் எழுதிய எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். படித்துச் சொல்ல ஓர் ஆளை அழையுங்கள். நம் சங்கத்தில் கன்னடம் நன்கு அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அழைத்தால் வராமல் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடித்தால் வண்டிச் சாவியைத் தொட வேண்டாம். ரயில் ஓட்டுநர் பணியில் ஏறுமுன் ஊதிக் காட்டிவிட்டுத்தான் ஏறுகிறார். அதை அவர் அவமானமாக நினைப்பதில்லை. பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சகலையின் அறிக்கை சில வாரங்கள் கழித்து வந்தது. இரத்தத்தில் எத்தில் ஆல்கஹால் காணப்படவில்லை என்று ஒரே வரி. அந்த ஒரு வரியோடு குடி வழக்கு முடிந்தது. ஆட்டோக்காரருக்கு ஆன சேதத்தைச் சகலை கொடுத்துவிட்டார். அன்று அவர் பேசிய தமிழ் அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை. அவர் கன்னடமும் உதவவில்லை. அவருக்காகப் பேசியது அவர் இரத்தம்தான். அவர் குடித்திருந்தால் அதையும் அது சொல்லியிருக்கும். சொல்ல வேண்டியதும் நியாயமே.

இப்போது புரட்டாசி வந்தால், சனிக்கிழமை காலையில் என் மைத்துனி அவருக்கு முதலில் இரண்டு இட்லி வைத்துவிட்டுத்தான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். பெருமாள் கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை.